வேதபாடப் புத்தகத்தை வாங்கும் முன்

புத்தாண்டு ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களின் கையில் பல சபைகளில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். அதில் அடிக்கடி அச்சாகும் வசனம் எரேமியா 29:11. கடவுள் தம் மக்களுக்கு நல்ல எதிர்காலத்தையே நினைத்திருக்கிறார் என்பது அதன் சாரம். வேலை, கல்யாணம், விசா என்று அவரவர் எதிர்பார்ப்பை அதோடு பொருத்திக்கொள்வார்கள். முந்தைய வசனம் அட்டையில் இருக்காது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. எழுபது ஆண்டு நிறைவேறிய பிறகே திருப்பி அழைத்து வருவேன் என்கிறது பத்தாம் வசனம். கடிதத்தை வாசிக்கக் கேட்ட மூப்பர்களில் அநேகர் எருசலேமை மறுபடி பார்த்திருக்க வழியில்லை. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைவைத்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்றுதான் கடிதம் சொல்கிறது. ஒரு வேதபாடக் கையேடு தேறுமா என்று பார்க்க, இந்த இடத்தை அது எப்படி விளக்குகிறது என்று புரட்டிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டு லுத்தரன் சபைகளில், 1919-ல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாகட்டும், ஆற்காடு லுத்தரன் திருச்சபையாகட்டும், வேதபாடத்துக்கு என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்குச் சரக்குப் பஞ்சம் கிடையாது. யூடியூபில் செய்தி, வாட்ஸ்அப்பில் தினதியானம், ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த விளக்கவுரைகள் என்று குவிந்து கிடக்கின்றன. எதை எடுப்பது, எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்க ஒரு அளவுகோல்தான் வேண்டும். அது இந்தச் சபைகளின் வீடுகளிலேயே இருக்கிறது என்பது என் வாதம். அதன் பெயர் லுத்தரின் சிறிய ஞானோபதேசம். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க், 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடிக்கும் முன்பே இதைத் தமிழாக்கியிருந்தார். வேதத்தை வாசிக்க ஒரு வழிகாட்டி முதலில் தேவை என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

இப்போது அந்தச் சிறு நூல் திடப்படுத்தலுக்குத் தயாராகும் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கானது என்று ஆகிவிட்டது. எழுதப்பட்ட காரணம் வேறு. 1528-ல் சாக்சனி நாட்டுச் சபைகளைச் சுற்றிப் பார்த்த லுத்தர், மக்களுக்கும் சரி, போதகர்கள் பலருக்கும் சரி, விசுவாசத்தின் அரிச்சுவடியே தெரியவில்லை என்று கண்டு நொந்துபோனார். மறு ஆண்டே இது வெளிவந்தது. குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது என்று ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் இருக்கிறது. கொலை செய்யாதே என்ற கற்பனைக்கு அவர் தரும் விளக்கம், அயலானைக் காயப்படுத்தாமல் இருப்பதோடு நிற்பதில்லை; அவனுடைய உடல் தேவைகள் எல்லாவற்றிலும் உதவச் சொல்கிறது. அன்றாட அப்பம் என்ற விண்ணப்பத்தின் கீழ் உணவு, உடை, நிலம், மாடு மட்டுமில்லாமல் நல்ல அரசாங்கமும் நல்ல மழை வெயிலும் நல்ல அண்டைவீட்டாரும் வருகிறார்கள். இப்படி வாசிக்கப் பழகியவருக்கு எந்தப் பாடத்திலும் இரண்டு கேள்விகள் தானாக எழும்: இந்தப் பகுதி என்னிடம் எதைக் கேட்கிறது, கிறிஸ்துவில் எனக்கு எதைக் கொடுக்கிறது? நியாயப்பிரமாணம், சுவிசேஷம் என்று லுத்தரன் மரபு பிரித்துப் பேசுவது இதைத்தான். கட்டளை மட்டுமே உள்ள கையேடு வாசகரைக் களைக்க வைக்கும். ஆசீர்வாதம் மட்டுமே உள்ளது வாக்குத்தத்த அட்டையின் நீட்சியாகிவிடும்.

வேதம் ஒன்றுதானே, இதில் லுத்தரன் புத்தகம், மற்றவர் புத்தகம் என்று என்ன பேதம் என்று கேட்பார்கள். விளக்கக் குறிப்பு எதுவும் ஒரு இறையியலைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. 1909-ல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள், வரலாற்றைக் காலகட்டங்களாகப் பிரித்து, கிறிஸ்து பூமியில் ஆயிரம் ஆண்டு அரசாள்வார் என்று படிப்பிக்கின்றன. உயிர்த்தெழுதலுக்கு முன் பக்தர்கள் உலகை ஆளும் ராஜ்யம் ஒன்று வரும் என்ற போதனையை லுத்தரன்களின் 1530-ம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை தன் 17-வது பிரிவில் தள்ளிவிட்டது. ஒரே பக்கத்தில் வசனமும் குறிப்பும் அச்சாகியிருக்கும்போது, எது வேதம், எது குறிப்பு என்ற வித்தியாசம் வாசகர் மனதில் சீக்கிரமே மறைந்துபோகும். ஞானஸ்நானமும் அப்படியே. மனிதர் தம் விசுவாசத்துக்குக் கொடுக்கும் சாட்சி என்று அதை விளக்கும் நூலை வைத்துப் படித்தால், குழந்தையாய் ஞானஸ்நானம் பெற்ற வாலிபனுக்கு, தான் பெற்றது செல்லுமா என்ற சந்தேகம்தான் மிஞ்சும். அதைக் கடவுளின் செயல் என்று சொல்லும் சபைக்கு இது சின்ன விஷயமில்லை.

அதற்காக மற்றவர்களுடைய புத்தகத்தைத் தொடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1522-ல் லுத்தர் ஜெர்மன் மொழியில் தந்த புதிய ஏற்பாடு, எராஸ்மஸ் பதிப்பித்த கிரேக்க மூலத்தின் துணையோடு உருவானது. மனித சித்தம் பற்றி அந்த எராஸ்மஸோடு 1525-ல் அவர் கடுமையாக மோதவும் செய்தார். வரைபடம், ஒத்தவாக்கிய அகராதி, ஊர்ப் பெயர், பழக்கவழக்கம் போன்றவற்றை யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளலாம். பழைய மொழிபெயர்ப்பையும் திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தாலே, விளக்கவுரை இல்லாமல் பல முடிச்சுகள் அவிழும். அதற்கும் அவிழாதவை எசேக்கியேலிலும் வெளிப்படுத்தின விசேஷத்திலும் நிறைய உண்டு. ஞானோபதேசம் அங்கே நேரடியாகக் கைகொடுக்காது. சென்னை குருகுலம் இறையியல் கல்லூரியிலோ மதுரையில் 1969 முதல் தமிழில் இறையியல் கற்பிக்கும் கல்லூரியிலோ படித்த ஒருவரை அழைத்து வந்து கேட்பதே மேல்.

கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஞானோபதேசத்தை ஒப்பித்தவர்கள்தானே தரங்கம்பாடி மிஷன் ஆலயங்களில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மிஷனின் பணியைத் தொடர்ந்த லைப்சிக் மிஷன் சாதிக்கு இடம்கொடுக்கிறது என்று மற்ற மிஷன்கள் குற்றம்சாட்டியதும் உண்மை. இதை மழுப்ப முடியாது. உடல் தேவைகளில் அயலானுக்கு உதவச் சொல்லும் விளக்கத்தை வாயால் சொல்லிவிட்டு, அந்த அயலான் யார், எந்தத் தெருவில் இருக்கிறான் என்ற கேள்வியை வகுப்பில் யாரும் எழுப்பாவிட்டால் எந்த நூலும் அந்த வேலையைத் தானாகச் செய்யாது. லுத்தருக்கே மனப்பாடம் போதும் என்ற எண்ணம் இருந்ததில்லை. 1535-ல் தம்முடைய நாவிதர் பீட்டர், ஜெபிப்பது எப்படி என்று கேட்டதற்கு ஒரு சிறு நூலே எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு கற்பனையையும் எடுத்து, அது என்ன கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்டு ஜெபிக்க வேண்டும் என்று நாலு தரம் புரட்டிப் பார்க்கச் சொல்கிறார். மூன்றாவது கேள்வியில்தான் வகுப்பு அமைதியாகிவிடும். வரும் ஞாயிற்றுக்குக் குறித்த வேதபாடத்தை இந்த நாலு கேள்விகளோடு ஒரே தாளில் அச்சடித்து வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் கொடுக்க ஆகிற செலவு ஜெராக்ஸ் காசுதான். ஆயர் அந்தப் பகுதியைப் பிரசங்கத்துக்காக எப்படியும் படிக்கத்தான் போகிறார்.