இலவச வக்கீலா? பணம் வாங்கும் வக்கீலா?

ஐதராபாத்திலிருந்து மும்பை போகும் சாலையில் பட்டான்செரு இருக்கிறது. தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். சரக்கு ஏற்ற, இறக்க வெளி மாநில லாரிகள் வரும். நாமக்கல் லாரிகளும் வரும்.

அப்படி வந்தவர் ஒரு டிரைவர். சரக்கை இறக்கிவிட்டார். இரவு தாபாவில் சாப்பிட்டார். கொஞ்சம் குடித்தார்.

"படுத்துட்டு விடியக்காலம் போலாம்ணே" என்றார் கிளீனர்.

டிரைவர் கேட்கவில்லை. சிறிது தூரத்தில் போலீசார் லாரியை நிறுத்தினார்கள். கருவியில் ஊதச் சொன்னார்கள். மது அளவு கூடுதலாக இருந்தது. வழக்குப் போட்டார்கள்.

கோர்ட் வாசலில் ஒருவர் அவரை வழிமறித்தார். "ஐயாயிரம் கொடு, முடிச்சுத் தரேன்" என்றார். "வக்கீல் எதுக்கு? தப்புன்னு ஒத்துக்கிட்டு அபராதம் கட்டிட்டுப் போ" என்றார் வேறொரு டிரைவர்.

விஷயம் அவ்வளவு சின்னதல்ல. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு இப்படிச் சொல்கிறது. 2019-ல் தண்டனை கூடியது. முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். குற்றம் உறுதியானால் கோர்ட் லைசென்சையும் குறைந்தது 6 மாதம் முடக்க வேண்டும். லைசென்சு போனால் டிரைவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

அதனால் ஒத்துக்கொள்வதற்கு முன்பே ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவர் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அது நடந்ததா? கருவி சரியாக வேலை செய்ததா? இதையெல்லாம் வக்கீல் பார்ப்பார். குற்றம் உண்மைதான் என்றாலும் அவர் பயன்படுவார். "இது முதல் தடவை, சிறை வேண்டாம்" என்று நீதிபதியிடம் முறையாகக் கேட்பார்.

பணம் இல்லாதவருக்கு இலவச வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ல் வந்தது. 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இங்கே பலர் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். இலவச வக்கீலை "அரசு வக்கீல்" என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அரசு வக்கீல் போலீஸ் தரப்பில் பேசுபவர். இலவச வக்கீல் குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேசுபவர். இருவரும் எதிர் எதிர்த் தரப்பு. 2022 முதல் பல மாவட்டங்களில் இதற்கென்றே முழுநேர வக்கீல்களை அமர்த்தியிருக்கிறார்கள். தினமும் குற்ற வழக்குகளையே பார்ப்பதால் அவர்களுக்குப் பழக்கம் அதிகம். வேலைச் சுமையும் அதிகம்தான். அதனால் தேதியை நாமே நினைவுபடுத்த வேண்டியிருக்கும். அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் ஆணையத்தில் புகார் செய்யலாம்.

பணம் கொடுத்து வைக்கும் வக்கீலை நாமே தேர்ந்தெடுக்கலாம். நம் மொழி தெரிந்தவராகப் பார்க்கலாம். விபத்தில் யாராவது இறந்திருந்தால் வழக்கு பெரியது, பல வருஷம் நீளும். வசதி உள்ளவர்கள் அப்போது விபத்து வழக்கில் அனுபவம் உள்ளவரைத் தேடுவது நல்லது. மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்க வேண்டும். ரசீது வாங்க வேண்டும். வாசலில் பேரம் பேசுகிறவர் வக்கீல்தானா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

டிரைவர் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தார். இது இலவசச் சட்ட உதவிக்கான எண். சங்காரெட்டியில் உள்ள மாவட்ட ஆணையத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு மனுவைக் கொடுத்தார்கள். அது தெலுங்கில் இருந்தது.

"படிச்சுச் சொல்லுங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றார் டிரைவர்.

படித்துச் சொன்னார்கள். அவருடைய வருமானம் வரம்புக்குள் இருந்தது. ஒரு வக்கீலைக் கொடுத்தார்கள்.

வாய்தா அன்று கிளீனர் வெளியே காத்திருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"பத்தாயிரம் அபராதம். ஜெயில் தப்பிச்சது."