மனசாட்சி யாருடைய குரல்?



நினைவேந்தல் கூட்டத்தில் மறைந்தவரின் பெருமையைப் பேசிக் கலைந்துவிடலாம். அவர் விட்டுச்சென்ற கேள்வியைக் கையில் எடுப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. ‘ஒழுக்கம்’ என்ற சொல்லை யார், யார்மீது பயன்படுத்துகிறார்கள் என்பதே அந்தக் கேள்வி.

2025 ஜூலை 27 அன்று, இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத பாளையங்கோட்டையில் 27 வயது தலித் மென்பொருள் பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் நேசித்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் சகோதரர் கைது செய்யப்பட்டார். ஒவ்வொரு முறை இப்படி நடக்கும்போதும் ஊரில் ஒரு பேச்சு எழுகிறது: “மானம் போச்சுன்னா மனசு கேக்குமா?” கொலைக்கும் மனசாட்சியைச் சாட்சிக்கு அழைக்கிற பேச்சு இது. இதற்குப் பதில் சொல்லச் சில கருத்துகளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒழுக்கமும் அறமும். ஒரு கூட்டம் வழிவழியாக நடந்துவரும் முறை ஒழுக்கம். அந்த முறை சரிதானா என்று கேட்கும் அளவுகோல் அறம். முன்னதை ஊர் சொல்லித்தரும். பின்னதை நாமே சிந்தித்தாக வேண்டும். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைப்பதையே ஒரு காலத்தில் ஒழுக்கக்கேடு என்றார்கள். நெடிய போராட்டத்துக்குப் பிறகு 1859இல்தான் மன்னரின் அறிவிப்பு அந்த உரிமையை, அதுவும் கட்டுப்பாடுகளோடு, ஏற்றது. நாணம்கூடச் சாதிக்குச் சாதி அளந்து கொடுக்கப்பட்டது.

அடுத்து விதியும் கோட்பாடும். ‘சாதி ஒழிப்பு’ நூலில் (1936) அம்பேத்கர் இந்த வேறுபாட்டை விளக்குகிறார். விதி ‘இப்படிச் செய்’ என்று கட்டளையிடும். செய்தவன் யோசிக்க வேண்டியதில்லை. கோட்பாடு எடைபோடக் கற்றுத்தரும். செய்த செயலுக்குச் செய்தவனே பொறுப்பு. பொறுப்பு இல்லாத இடத்தில் சமயமும் இல்லை என்பது அவருடைய வாதம். மனுஸ்மிருதி தருமத்தின் ஊற்றுகளில் ஒன்றாக உள்ளத்தின் நிறைவையும் சொல்கிறது. அதே நூல், தாழ்ந்த வருணத்து ஆண் உயர்ந்த வருணப் பெண்ணை நாடினால் கொடுந்தண்டனை விதிக்கிறது. உயர்ந்தவன் கீழே மணந்தால் பொறுத்துக்கொள்கிறது. செயல் ஒன்று, தீர்ப்பு இரண்டு. வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் அடங்கிய உள்ளம் எதில் நிறைவு காணும்? 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அந்த நூல் எரிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாலியல் ஒழுக்கம் ஏன் இவ்வளவு முக்கியமாகிறது? 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில் அம்பேத்கர் பதில் தருகிறார். சாதியின் உயிர்நாடி அகமணம். அகமணம் நிலைக்க வேண்டுமானால் குழுவுக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவனை இழந்த பெண் வெளியே மணந்தால் சாதி உடையும். உள்ளேயே மறுமணம் செய்தால் இன்னொரு பெண்ணின் வாய்ப்பு குறையும். அதனால் அவளை எரித்தார்கள், அல்லது கைம்பெண்ணாகவே வைத்தார்கள். மனைவியை இழந்த ஆணுக்குச் சிறுமியைக் கட்டிவைத்தார்கள். பிறகு இம்மூன்றையும் கற்பு என்றும் கடமை என்றும் போற்றினார்கள். காவல் முதலில் வந்தது; புகழ்ச்சி பின்னால் வந்தது.

பாலியல் அறத்தைச் சமயத்துக்கு உள்ளிருந்தே பேச முடியாதா? முடியும். காயல்பட்டினத்தில் நின்றுகொண்டு நிக்காஹை எடுத்துக்கொள்வோம். அது ஓர் ஒப்பந்தம். மஹர் பெண்ணின் உரிமை. ஷாஃபிஈ மத்ஹபில் வலீ இல்லாமல் நிக்காஹ் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் வயது வந்த பெண் தானே ஒப்பந்தம் செய்யலாம். ஒரே மார்க்கத்தின் அறிஞர்கள் பெண்ணின் இசைவைப் பற்றி இரண்டு முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள். ‘குஃபு’ என்னும் பொருத்தத்தில் சிலர் குலத்தையும் சேர்த்தார்கள்; சேர்க்காதவர்களும் உண்டு. ஆக, எந்தச் சமயத்திலும் விவாதம் உள்ளேயே நடந்திருக்கிறது. அகமணத்தின் நிழல் எங்கும் விழக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போது மனசாட்சிக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் கிறித்தவச் சிந்தனையாளர் தாமஸ் அக்குவினாஸ் மனசாட்சியை உள்ளே ஒலிக்கும் அசரீரியாகப் பார்க்கவில்லை. நாம் அறிந்ததை ஒரு செயலின்மீது பொருத்திப் பார்ப்பதே மனசாட்சி என்றார். அறிந்தது பிழையானால் மனசாட்சியும் பிழைக்கும். தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டவனுக்கு அந்தப் பிழை மன்னிப்பாகாது. ‘மனசு கேக்கல’ என்பதற்கு இதுவே பதில். அந்த மனசு சாதி வளர்த்த மனசு. அதைக் கேள்வி கேட்காமல் வைத்திருந்ததும் குற்றத்தின் பகுதிதான்.

அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. எந்த ஒழுக்கம்? பெரும்பான்மையின் சமூக ஒழுக்கம் அரசியல் சாசன ஒழுக்கத்தை மீற முடியாது என்று 377ஆம் பிரிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. அதே ஆண்டு சக்தி வாஹினி வழக்கில், வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்றது. ஆனால் 1948 நவம்பர் 4 அன்றே அம்பேத்கர் எச்சரித்தார்: அரசியல் சாசன ஒழுக்கம் இயல்பாக வருவதல்ல, வளர்க்கப்பட வேண்டியது.

வளர்ப்பது எப்படி? ஒழுக்கம் என்று எதைச் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். சம்பந்தப்பட்டவர்களின் இசைவு இருக்கிறதா? எல்லாச் சாதிக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இது ஒன்றுபோலப் பொருந்துமா? இதைக் காக்க யாருடைய உடல் விலையாகிறது? இந்தக் கேள்விகளை நம் வீட்டுத் திருமணப் பேச்சிலும் கேட்க வேண்டும். நம் இயக்கங்களுக்குள்ளும் கேட்க வேண்டும். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் கேட்டுப் போராடுவோம். சட்டம் கொலைகாரனைத் தண்டிக்கும். அவனுக்குத் தேநீர் கொடுத்துத் தட்டிக்கொடுக்கும் ஊரின் மனசாட்சியோடு வாதாட வேண்டியவர்கள் நாம்தான்.