ரசிகரே, கைதட்டினால் மட்டும் போதுமா?

அமெரிக்காவின் கான்ஸாஸ் ராஜ்யத்தில் ஹட்சின்ஸன் என்று ஓர் ஊர். கோதுமைக்கும் உப்புச் சுரங்கத்துக்கும் பேர் போனது. ஜனத்தொகை சுமார் 40 ஆயிரம். நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்களுக்கு முன்னால் அது ஒரு சிற்றூர்தான். ஆனால் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் அந்த ஊருக்குத் திருவிழாக் களை வந்துவிடும். தேசத்தின் பல பாகங்களிலிருந்தும் ஜூனியர் காலேஜ் கூடைப்பந்துக் கோஷ்டிகள் அங்கே வந்து குவிந்து, சாம்பியன் பட்டத்துக்காக மோதுகின்றன. 1949-ம் வருஷம் முதல் இந்தப் பந்தயம் அங்கே நடந்து வருகிறது. முன்நின்று நடத்துவது யாரோ கோடீசுவரக் கம்பெனி அல்ல. பழைய யுத்த வீரர்களின் சங்கமாகிய அமெரிக்கன் லீஜனின் உள்ளூர்க் கிளை!

இப்படிச் சின்ன ஊர்களின் அபிமானத்தில் வாழ்வதுதான் ஜூனியர் காலேஜ் விளையாட்டு. அந்த அபிமானிகளுக்கு இப்போது ஒரு புதிய வசதி கிடைத்திருக்கிறது. கைதட்டுவதோடு நில்லாமல், தங்கள் மனத்துக்கு உகந்த ஆட்டக்காரருடன் ஒரு சிறு விளம்பர ஒப்பந்தம் செய்துகொண்டு, அவருக்கு நேர்மையாகப் பணம் கொடுக்கலாம். பத்து வருஷத்துக்கு முன்னால் இது பெருங்குற்றம்! இன்று யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் கொடுக்கத் தெரிந்து கொடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்தால் உபகாரமே அபகாரமாகிவிடக் கூடும்.

இரண்டு வருஷக் கல்லூரி

நம் ஊரில் முன்பு இன்டர்மீடியட் என்று இரண்டு வருஷப் படிப்பு இருந்தது பெரியவர்களுக்கு ஞாபகமிருக்கும். அமெரிக்க ஜூனியர் காலேஜும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். இரண்டு வருஷம் படித்துவிட்டு, சிலர் வேலைக்குப் போவார்கள்; சிலர் பெரிய பல்கலைக் கழகத்தில் சேர்ந்து பட்டம் பெறுவார்கள். கட்டணம் குறைவு. ஆகவே ஏழை வீட்டுப் பிள்ளைகள், குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள், பள்ளிக்கூட மார்க்கு போதாமல் பெரிய இடத்தில் இடம் கிடைக்காதவர்கள் ஆகியோருக்கு இதுவே புகலிடம்.

இந்தக் கல்லூரிகளுக்கென்று 1938-ல் ஒரு தேசிய விளையாட்டுச் சங்கம் ஏற்பட்டது. இன்று சுமார் 500 கல்லூரிகள் அதில் அங்கம் வகிக்கின்றன. அவை மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் உள்ள கல்லூரி விளையாட்டு வீரருக்குப் படிப்புச் செலவோடு சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்கலாம். இரண்டாம் பிரிவில் சம்பளம், புத்தகம் மட்டும். மூன்றாம் பிரிவிலோ விளையாட்டுக்காக ஒரு காசு உபகாரச் சம்பளம் கிடையாது. பகலில் பாடம், மாலையில் பயிற்சி, இரவில் ஓட்டலில் தட்டுக் கழுவும் வேலை என்று நாளைக் கடத்தும் மாணவர்களை அங்கே காணலாம்.

ஆனால் இந்த வாசல் வழியாக வந்தவர்கள் சாமானியர்களா? அமெரிக்கப் பேஸ்பாலில் நிற பேதச் சுவரை 1947-ல் உடைத்தெறிந்த ஜாக்கி ராபின்ஸன், பாஸடீனா ஜூனியர் காலேஜ் மாணவர். கால்பந்தில் புகழ்க்கொடி நாட்டிய ஆரோன் ராட்ஜர்ஸ், கலிபோர்னியாவில் பியூட் காலேஜில் ஆடியவர். இன்னொரு நட்சத்திரமான காம் நியூட்டன், டெக்ஸாஸிலுள்ள பிளின் காலேஜுக்கு 2009-ல் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர்.

சம்பாதித்தால் குற்றம்!

கல்லூரி ஆட்டக்காரன் காசு வாங்கக் கூடாது என்பது அமெரிக்காவில் வெகுகாலமாக வேதவாக்காக இருந்தது. வாங்கினால் என்ன ஆகும்? ஜிம் தோர்ப் கதை எல்லோருக்கும் தெரியும். செவ்விந்தியர் குலத்தில் பிறந்த அந்த வீரர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களை அள்ளினார். பிறகு, மாணவராக இருந்த காலத்தில் கோடை விடுமுறையில் சொற்பக் கூலிக்குப் பேஸ்பால் ஆடினார் என்று கண்டுபிடித்து, பதக்கங்களைப் பிடுங்கிக் கொண்டார்கள். 1953-ல் அவர் காலமானார். அதற்கு முப்பது வருஷம் கழித்து, 1983-ல்தான் பதக்கங்களின் பிரதிகள் அவருடைய பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தன. அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டது 2022-ல்!

இன்னொரு கதை, பெண்குலம் பெருமைப்படும் கதை. ஷெரில் ஸ்வூப்ஸ் என்ற பெண் டெக்ஸாஸில் லெவல்லண்ட் என்ற சிற்றூரிலுள்ள சவுத் ப்ளெயின்ஸ் ஜூனியர் காலேஜில் கூடைப்பந்து ஆடினார். பிறகு டெக்ஸாஸ் டெக் பல்கலைக் கழகம் சென்று, 1993 தேசிய இறுதிப் பந்தயத்தில் ஒருவராகவே 47 பாயிண்டுகள் எடுத்துப் பிரமிக்க வைத்தார். 1995-ல் நைக்கி கம்பெனி அவர் பெயரிலேயே ஒரு காலணியை வெளியிட்டது. ஒரு கூடைப்பந்து வீராங்கனையின் பெயரில் காலணி வந்தது அதுவே முதல் தடவை. அவர் ஜூனியர் காலேஜில் ஆடிய நாளில், உள்ளூர்ச் செருப்புக் கடைக்காரர் ஒருவர் அவருடைய படத்தைக் கடையில் மாட்டிப் பத்து டாலர் கொடுத்திருந்தால்கூட, அவருடைய ஆட்ட உரிமைக்கே ஆபத்து வந்திருக்கும்! கம்பெனியின் காலணிக்கு மதிப்புக் கொடுத்த அதே பெயர், மாணவியாக இருந்தபோது விலை போகக் கூடாத பெயர். விசித்திரமாக இல்லையா?

இந்த விசித்திரத்துக்கு முதல் அடி 2019-ல் விழுந்தது. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு சம்பாதிக்கலாம் என்று கலிபோர்னியா ராஜ்யம் சட்டம் செய்தது. 2021 ஜூன் மாதம் ஆல்ஸ்டன் வழக்கில், பெரிய பல்கலைக் கழகங்களின் விளையாட்டுச் சங்கத்துக்கு எதிராகச் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த மாதம் 1-ந் தேதி பழைய தடை நீங்கிற்று. ஜூனியர் காலேஜ்களும் அதே பாதையில் வந்தன. பெயர், படம், சாயல் என்ற மூன்றுக்குமான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்தைச் சேர்த்து இந்த உரிமையை ‘என்.ஐ.எல்.’ என்கிறார்கள்.

‘நில்’ என்றால் சைபரா?

அந்த மூன்று எழுத்தையும் சேர்த்து வாசித்தால் ‘நில்’ என்று வரும். ஆங்கிலத்தில் அதற்குச் சைபர் என்று பொருள். ஜூனியர் காலேஜ் மாணவர் பலருக்கு இந்தச் சிலேடை கசப்பான உண்மை. 2025 ஜூன் மாதம் ஏற்பட்ட ஒரு பெரிய கோர்ட் சமரசத்தின்படி, முதல்தரப் பல்கலைக் கழகம் ஒவ்வொன்றும் 2025-26-ல் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கே பங்கிட்டுக் கொடுக்கலாம். ஜூனியர் காலேஜுக்கு இந்தச் சமரசத்தில் இடமில்லை.

டியேகோ பாவியா என்ற கால்பந்து வீரர் இதையே கோர்ட்டில் எடுத்துச் சொன்னார். நியூ மெக்ஸிகோ ராணுவக் கல்லூரி என்ற ஜூனியர் காலேஜில் ஆடியவர் அவர். ‘சம்பாதிக்க வழியில்லாத அந்தக் காலத்தையும் பெரிய இடத்தில் ஆடும் வருஷங்களில் கழித்துவிடுவது என்ன நியாயம்?’ என்பது வழக்கின் சாரம். 2024 டிசம்பரில் டென்னஸி கோர்ட் அவர் பக்கம் தற்காலிக உத்தரவு போட்டது. மேலும் ஒரு வருஷம் ஆட அவருக்கு வழி பிறந்தது.

பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத இடத்தில் கொடுக்கக் கூடியவர் யார்? அந்த ஊர் ரசிகர்தான். கோடீசுவர வீரனுக்கு 100 டாலர் ஒரு வேளைச் சாப்பாடு. வகுப்புக்குப் பஸ்ஸில் போகும் பிள்ளைக்கோ அது ஒரு மாதப் புத்தகம், அல்லது நைந்துபோன காலணிக்குப் பதில் ஒரு புதிய ஜோடி.

ரசிகர் என்ன செய்யலாம்?

கடை வைத்திருக்கும் ரசிகருக்கு வழி சுலபம். சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ஆட்டக்காரர் கடைக்கு வந்து, வாடிக்கைக்காரர்களோடு பேசிப் படம் எடுத்துக்கொள்ளட்டும். அல்லது கடையைப் பற்றி இன்ஸ்டாகிராமில் நாலு வார்த்தை போடட்டும். அதற்குப் பேசிய தொகையைக் கொடுத்துவிட வேண்டியது. முடிதிருத்தும் நிலையம், மோட்டார் பட்டறை, பலகாரக் கடை எதுவானாலும் சரி.

கடை இல்லாதவர் பிறந்தநாள் வாழ்த்துப் படம் ஒன்று பேசி எடுத்துத் தரச் சொல்லி விலைக்கு வாங்கலாம். கையெழுத்திட்ட பந்து, சட்டை வாங்கலாம். இவற்றைச் செய்து கொடுக்கவே ஓபன்டோர்ஸ் போன்ற இன்டர்நெட் சந்தைகள் இருக்கின்றன. இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு: தம் பிள்ளைக்கு வாரம் ஒரு மணி நேரம் பந்து எறியக் கற்றுக்கொடுக்கும்படி அந்த வீரரையே அமர்த்திக் கூலி கொடுப்பது.

கையில் காசே இல்லாத ரசிகரும் ஓர் உதவி செய்யலாம். எந்தக் கடைக்காரர் மாணவரை ஆதரிக்கிறாரோ அந்தக் கடைக்கே போய்ச் சாமான் வாங்கி, ‘இந்தப் பெண்ணின் விளம்பரத்தைப் பார்த்துத்தான் வந்தேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கொடுத்த 100 டாலருக்குப் பலன் தெரிந்தால்தானே அடுத்த வருஷமும் அந்தக் கடைக்காரர் கையை நீட்டுவார்!

பலர் கூடி நிதி திரட்டுவதும் உண்டு. ஆனால் இது தர்மக் கைங்கரியம், வருமான வரி விலக்குக் கிடைக்கும் என்று எண்ணிக் கொடுப்பவர்கள் நிதானிக்க வேண்டும். வீரர்களின் சொந்த லாபத்துக்காக நடக்கும் இத்தகைய நிதிகளில் பல தர்ம ஸ்தாபனம் ஆகமாட்டா என்று அமெரிக்க வரி இலாகாவின் சட்ட அதிகாரிகள் 2023-ல் கருத்துத் தெரிவித்துவிட்டார்கள்.

எங்கே ஜாக்கிரதை?

முதலாவது, ஜெயித்தால் இவ்வளவு என்று பேசக் கூடாது. எங்கள் ஊர்க் கல்லூரியில் சேர்ந்தால் இவ்வளவு என்று ஆசை காட்டவும் கூடாது. பணம் விளம்பர வேலைக்காகவே இருக்க வேண்டும். ராஜ்யத்துக்கு ராஜ்யம் சட்டம் வேறு. மது, புகையிலை, சூதாட்டம் ஆகியவற்றின் விளம்பரத்தைப் பல ராஜ்யங்கள் தடுத்திருக்கின்றன. கல்லூரியின் முத்திரையை அனுமதியின்றி உபயோகிக்கலாகாது. ஆகவே கல்லூரி விளையாட்டு அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம். காசு வாங்கிப் புகழ்வதானால், இது விளம்பரம் என்பதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பதும் அந்நாட்டு விதி.

இரண்டாவது, வரி. இந்த வருமானம் சுயதொழில் வருமானம். செலவு போக வருஷத்தில் 400 டாலர் மிஞ்சினாலே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சுயதொழில் வரி மட்டும் சுமார் 15 சதவீதம் ஆகும். இனாமாக வந்த காலணிக்கும் விலை போட்டு வருமானத்தில் சேர்க்க வேண்டியதுதான். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இது தெரியுமா? பணத்தோடு இந்தப் புத்திமதியையும் சேர்த்துக் கொடுப்பவரே உண்மையான அபிமானி.

மூன்றாவது, சர்க்கார் உதவித்தொகை. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை 2025-26-ல் அதிகபட்சம் 7,395 டாலர். வருமானத்தைப் பார்த்தே அது நிர்ணயமாகிறது. சிறு தொகையால் பாதகம் வராமல் போகலாம். ஆனால் பெருந்தொகை பின்னால் வரும் உதவியைக் குறைத்துவிடக் கூடும்.

நான்காவது, அயல்நாட்டு மாணவர்கள். ஜூனியர் காலேஜ் கோஷ்டிகளில் இவர்கள் அநேகம் பேர். மாணவர் விசாவில் வந்தவர்கள் வெளியே வேலை செய்து சம்பாதிப்பதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. நம் நாட்டிலிருந்து போகும் பிள்ளைகளும் இதை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. அன்பு மிகுதியால் ரசிகர் திணிக்கும் 50 டாலர், அந்தப் பிள்ளையின் விசாவுக்கே உலை வைத்துவிடலாம். வக்கீலைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

கடைசியாக, எல்லாவற்றையும் எழுத்தில் வைப்பது. என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு பணம், என்று கொடுப்பது என்பது ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். இரண்டு வருஷத்தில் வேறிடம் போகப் போகிற மாணவரின் படத்தை ஆயுள் முழுதும் உபயோகிக்க எழுதி வாங்குவது ஆதரவல்ல, சுரண்டல்.

பிச்சையல்ல, கூலி

‘அவ்வளவு தொல்லை எதற்கு? பாவம், ஏழைப் பிள்ளை. கையில் நோட்டைத் திணித்துவிட்டுப் போகலாமே!’ என்று சிலர் நினைக்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. திணித்த நோட்டு பிச்சை. வாங்கியவன் தலை குனிய வேண்டும். பேசி, எழுதி, வேலை வாங்கிக் கொடுத்த பணம் கூலி. வாங்கியவன் தலை நிமிர்ந்து நடப்பான். தன் பெயருக்கு ஒரு மதிப்பு உண்டு, அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணமும் அவன் மனத்தில் வேரூன்றும். ஜூனியர் காலேஜில் ஆடும் எல்லோரும் ஸ்வூப்ஸ் ஆகிவிடப் போவதில்லை. பெரும்பாலோர் ஆட்டத்தை விட்டு ஆசிரியராகவோ, நர்ஸாகவோ, மெக்கானிக்காகவோ வாழப் போகிறவர்கள். அவர்களுக்கு இந்த முதல் ஒப்பந்தம், பேரம் பேசவும் கணக்கு எழுதவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் கற்றுத் தரும் பாடம்.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம்மவர் வாக்கு. விளையாட்டு வீரருக்கு உதவ விரும்பும் ரசிகருக்கு இதைவிடச் சிறந்த யோசனை சொல்ல முடியாது. மனம் தாராளமாக இருக்கட்டும். கை மட்டும் அளந்து கொடுக்கட்டும்.