சட்டையில் ஒரு சிறு கொடி

திருப்புறத்திற்கு அண்டை ஊர் நெய்யாற்றின்கரை. 1938 ஆகஸ்டில், பொறுப்பாட்சி கோரித் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்தது. அம்மாதம் 31ஆம் நாள், தலைவர் என். கே. பத்மநாப பிள்ளை கைதான செய்தி கேட்டு நெய்யாற்றின்கரையில் மக்கள் திரண்டனர். படையினர் சுட்டனர். வீரராகவன் உள்ளிட்ட சிலர் உயிர்நீத்தனர். சீருடையும் ஊதியமும் இல்லாத எளிய மக்கள் அவர்கள். அவ்வூரைப் பேருந்தில் கடக்கும்போது பிள்ளைகளுக்கு அப்பெயரைச் சொல்லும் பெற்றோர் செய்வது, எந்த அணிவகுப்பு மரியாதைக்கும் குறைந்ததன்று என்பது நம் கருத்து.

ஆயினும், பெயரைச் சொல்வதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. உயிர் கொடுத்தவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. அதற்கு மாதந்தோறும் அடுப்பு எரிய வேண்டும். விடுதலை பெற்ற நாட்டில் படைவீரர் குடும்பங்களுக்காக இந்த எண்ணத்தில் பிறந்ததே கொடிநாள். 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. சிவப்பு, அடர்நீலம், வெளிர்நீலம் என முப்படைகளின் நிறங்கள் கொண்ட சிறு கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு, உண்டியலில் இயன்றதை இடுகிறோம். (பலர் சில்லறை தேடுவார்கள், நோட்டும் உள்ளே போகும்!) போரில் இறந்தோரின் குடும்பங்கள், உடலுறுப்பு இழந்த வீரர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோரின் நலனுக்கு அத்தொகை செலவாகிறது.

டிசம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை. மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்தை அணுகி எந்நாளும் நிதி வழங்கும் வழியைக் கேட்டறியலாம். வழங்கியதும் ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.