கட்டிகள் எல்லாம் புற்றா?

உங்கள் தாத்தாவின் முதுகில் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி இருக்கலாம். விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் வழுக்கி நகரும், வலிக்காது. "இருபது வருஷமா இருக்கு, அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்பார். இன்னொருவருக்கு நாக்கின் ஓரத்தில் மிளகளவே ஒரு தடிப்பு. சில மாதங்களில் அது கழுத்துக்குப் பரவி உயிருக்கே ஆபத்தாகிறது. பெரியது சும்மா இருக்க, சிறியது கொல்வது ஏன்?

கையில் வெட்டுக்காயம் பட்டால் என்ன நடக்கிறது? சுற்றியுள்ள தோல் செல்கள் விரைந்து பெருகிக் காயத்தை மூடுகின்றன, மூடியதும் நின்றுவிடுகின்றன. 'பெருகு', 'நில்' என்னும் கட்டளைகள் செல்லின் உட்கருவிலுள்ள ஜீன்களில் இருக்கின்றன. அவற்றில் சில பழுதடைந்தால் செல்கள் வேண்டாத இடத்தில் பெருகிக் குவியும். அந்தக் குவியல்தான் நாம் இங்கே பேசும் கட்டி. கிருமிகளால் உண்டாகும் சீழ்க்கட்டி வேறு.

தாத்தாவின் முதுகிலிருப்பது கொழுப்புக் கட்டி. அதன் செல்கள் சாதாரணக் கொழுப்புச் செல்களைப் போலவே இருக்கும். மெல்லிய உறைக்குள் அடங்கி மெதுவாக வளரும். பக்கத்துத் திசுவைத் தள்ளுமே தவிர, அதற்குள் நுழையாது. இதைச் சாதுவான கட்டி என்கிறோம்.

புற்றுக்கட்டி வேலி தாண்டும். அண்டைத் திசுக்களைத் துளைத்துக்கொண்டு நாலா பக்கமும் கால் பரப்பும். பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் இதற்கு 'நண்டு' என்று பொருள்படும் சொல்லைச் சூட்டினார்கள். இதன் செல்கள் இரத்தத்திலும் நிணநீரிலும் மிதந்து சென்று நுரையீரல், கல்லீரல், எலும்பு ஆகிய இடங்களில் குடியேறும். ஆனால் போன இடமெல்லாம் முளைப்பதில்லை. செல்லை விதைக்கும், உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டு, ஏற்ற நிலத்தில்தான் விதை முளைக்கும் என்று 1889-இல் ஸ்டீபன் பேஜட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் விளக்கினார்.

சாதுவான கட்டி என்றாலே ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். மண்டையோட்டுக்குள் வளர்ந்தால் அது மூளையை நசுக்கும். பெருங்குடலில் தோன்றும் சில சாதுவான வளர்ச்சிகள் பல ஆண்டுகளில் புற்றாக மாறுவதும் உண்டு.

அப்படியானால் எது எதுவென்று அறிவது எப்படி? அளவும் வலியும் மட்டும் நமக்கு விடை சொல்லமாட்டா. புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை! சந்தேகம் இருந்தால், மருத்துவர் கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துத் திசுச் சோதனைக்கு அனுப்புவார். அதை மிக மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். உட்கருக்கள் பெருத்து, கறுத்து, ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருக்கின்றனவா? செல்கள் எல்லை மீறியிருக்கின்றனவா? இவைதான் அங்கே கேட்கப்படும் கேள்விகள்.

புகையிலை போடுபவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவர் வாயைக் கவனியுங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, புதிதாகத் தோன்றிய கட்டி ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். பாட்டியோ அத்தையோ மார்பில் தட்டுப்பட்ட கட்டியைக் கூச்சத்தால் மறைக்கலாம்; "வலிக்கவில்லையே" என்று தள்ளிப்போடலாம். வலிக்காதது நல்ல அறிகுறியாகாது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். வேலி தாண்டுமுன் கண்டுபிடித்தால் பல புற்றுகளை முழுமையாகக் குணப்படுத்த முடியும்.