கப்பல் ஊதுவது கேட்கிறது, பேத்தி கூப்பிடுவது கேட்கவில்லை

புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பகுதியின் கீழவாஞ்சூரில் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் நாகூர். கிழக்கே கடல். 2009 முதல் இயங்கிவரும் காரைக்கால் துறைமுகம் இந்தக் கிராமத்துக் கரையில்தான் இருக்கிறது. அலை, லாரி, கப்பலின் ஊதல், நாகூர்ப் பக்கமிருந்து வரும் பாங்கு என்று சத்தத்துக்குக் குறைவில்லாத ஊர். இங்கே அறுபதைத் தாண்டிய ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் ஊதினால் திரும்பிப் பார்க்கிறார். லாரி வந்தால் காலை மடக்கிக்கொள்கிறார். பேத்தி பின்னாலிருந்து "தாத்தா, காசு குடுங்க" என்றால் "காதுல என்னம்மா?" என்கிறார். வீடே சிரிக்கிறது. அவரும் சேர்ந்து சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்புக்கும் மருத்துவமனை வாசலுக்கும் நடுவே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அமெரிக்காவின் தென் கரோலினாவில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், காதுக்கருவி தேவைப்படும் நிலை வந்த பிறகு அதை வாங்கிப் போட சராசரியாக 8.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. வசதி நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை.

கேட்கிறது, ஆனால் புரியவில்லை

இந்தத் தாமதத்துக்கு முதல் காரணம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஒரு சுருளுக்குள், பிறக்கும்போது சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. செத்தால் மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. வயதாலும் இரைச்சலாலும் முதலில் அழிவது பெரும்பாலும் கீச்சென்ற மேல்சுருதி ஒலிகளை வாங்கும் செல்கள்தாம். கப்பல் ஊதலும் லாரி உறுமலும் கீழ்ச்சுருதி. அவை நன்றாகவே விழும். பேச்சில் 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் விழும். 'ச', 'த', 'க' போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டுபவை அந்த மெய்கள்தாம். குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும் முதலில் மங்குவதற்கும் இதுவே காரணம்.

அதனால் "எனக்குக் காது கேக்கலை" என்ற எண்ணமே அவருக்கு வருவதில்லை. "இந்தக் காலத்துப் பசங்க வாய்க்குள்ளயே பேசுதுங்க" என்றுதான் தோன்றும். அவர் பொய் சொல்லவில்லை. ஒலி வருகிறது, உருவம் கலைந்து வருகிறது. விட்டுப்போன எழுத்துகளை மூளை ஊகித்து நிரப்பிவிடுகிறது. மெல்ல மெல்ல வரும் குறையை அனுபவிப்பவரே கடைசியில்தான் உணர்கிறார்.

கடற்கரை ஊர்களில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. படகின் இன்ஜினுக்குப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவருக்கு நாற்பதிலேயே இந்தக் குறை தொடங்கலாம். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காதுக்கு ஆபத்து. சத்தம் மூன்று டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும். இரைச்சலால் வரும் காதுக்குறை, தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கடலுக்குப் போகிற படகு தொழிற்சாலைக் கணக்கில் வருவதில்லை.

டமாரச் செவிடு

கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. காது மங்கினால் மட்டும் ஏன் மறைக்கிறோம்? நம் மொழியைக் கேட்டாலே பதில் கிடைக்கும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிறோம். டமாரச் செவிடு என்று திட்டுகிறோம். சொன்னதை மாற்றிக் கேட்பவரை வைத்து எத்தனையோ படங்களில் சிரித்திருக்கிறோம். நம் பேச்சில் காது கேளாதவர் ஒன்று மந்தபுத்திக்காரர், இல்லையென்றால் கேலிப்பொருள். இதைக் கேட்டே வளர்ந்த ஒருவர், அறுபத்தைந்து வயதில் "எனக்கும் அப்படி ஆயிருச்சு" என்று எப்படி வாய்விட்டுச் சொல்வார்?

உலகப் புகழ் பெற்றவருக்கும் இந்தக் கூச்சம் இருந்தது. இசைமேதை பேத்தோவன் காது மங்குவதை ஆண்டுக்கணக்கில் மறைத்தார். நான் செவிடன், உரக்கப் பேசுங்கள் என்று மனிதர்களிடம் கேட்க முடியவில்லையே என்ற வேதனையை 1802இல் தம்பிகளுக்கு ஒரு கடிதத்தில் கொட்டினார். அந்தக் கடிதத்தையும் அனுப்பவில்லை. 1827இல் அவர் இறந்த பிறகுதான் அது கிடைத்தது.

பெண்களிடம் இந்த மௌனம் இன்னும் அடர்த்தியானது. கல்யாணமாகாத பெண்ணென்றால் வரன் தட்டிப்போகும் என்று மூடிவைப்பார்கள். வயதான அம்மாவென்றால் "அவங்க பாட்டுக்கு ஒரு ஓரமா இருப்பாங்க" என்று பெருமையாகவே சொல்வார்கள். அவர் ஓரமாக இருப்பது பேச்சு விளங்காததால் என்று யாரும் யோசிப்பதில்லை.

மூடி மறைக்கும் வீடு

என் பார்வையில் தாமதத்துக்குப் பெரிய காரணம் வீட்டாரின் அன்புதான். டிவி சத்தத்தை அப்பாவுக்காகக் கூட்டிவைக்கிறோம். போன் வந்தால் அம்மா வாங்கிப் பேசி, "இப்படிச் சொல்றாங்க, என்ன சொல்லட்டும்?" என்று அவர் காதருகே போய்க் கேட்கிறார். விசேஷ வீட்டில் மருமகள் பக்கத்தில் நின்று, "மாமா, உங்களை எப்ப வந்தீங்கன்னு கேக்குறாங்க" என்று எடுத்துக்கொடுக்கிறாள். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் இத்தனை கைத்தாங்கல் இருக்கும்வரை அவருக்குக் குறை தெரியப்போவதில்லை. அம்மா ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

"வயசானா அப்படித்தான்" என்பது அதற்கடுத்த பூட்டு. அறுபதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவு காதுக்குறை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பலருக்கும் வருவதென்பதால் சும்மா விடலாம் என்று ஆகிவிடாது. எல்லாமே வயதால் வந்ததும் அல்ல. இறுகிய அழுக்கு, சவ்வில் ஓட்டை, நடுக்காதில் சீழ், எலும்பு இறுக்கம் என்று சுத்தம் செய்தோ மருந்திலோ அறுவையிலோ சரியாகக்கூடிய காரணங்களும் உண்டு. பார்த்தால்தானே தெரியும். பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயைக் காய்ச்சி ஊற்றிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். சவ்வில் ஓட்டை இருந்தால் அது கெடுதலில்தான் முடியும்.

பீரோவில் தூங்கும் மிஷின்

"பக்கத்து வீட்டுல அவ்வளவு காசு குடுத்து வாங்கினாங்க, பீரோலதான் கெடக்கு." இந்த ஒரு வாக்கியம் பல பேரைத் தடுத்திருக்கிறது. பெரும்பாலும் குறை கருவியில் இல்லை, கொடுத்த விதத்தில்தான். ஒலிபுகா அறையில் சோதித்து, எந்தச் சுருதியில் எவ்வளவு குறை என்று வரைபடம் எடுத்து, அதற்கேற்ப அமைக்க வேண்டிய கருவி இது. கடையில் வாங்கி மாட்டினால் எல்லாச் சத்தத்தையும் ஒன்றுபோலப் பெருக்கிக் காதைக் குடையும். காதுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் விசிலடிக்கும். சரியாக அமைத்தாலும் முதல் சில வாரங்கள் பாத்திரச் சத்தம்கூட எரிச்சலூட்டும். பல ஆண்டுகள் கேட்காத ஒலிக்கு மூளை பழக வேண்டும். முதலில் வீட்டுக்குள் ஓரிரு மணி நேரம், பிறகு மெல்லக் கூட்ட வேண்டும். கடற்காற்றின் ஈரம் வேறு. இரவில் பேட்டரியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் மூடிவைத்தால் கருவி நீண்ட நாள் உழைக்கும்.

கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் உலக அளவில் சுமார் 17 சதவீதம் பேரே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை. பணமும் ஒரு காரணம். அரசு உதவி கேட்கலாமென்றால், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் குறை இருந்தால்தான் மாற்றுத்திறனாளிக் கணக்கில் வர முடியும். 45, 50 டெசிபல் குறையோடு திண்டாடுபவர் அதற்கு வெளியே நிற்கிறார். அறுபது வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்காக 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா திட்டத்தில் காதுக்கருவி இலவசம். கூப்பிடு தூரத்தில் நாகூர் இருந்தாலும் கீழவாஞ்சூர்க்காரரின் ரேஷன் கார்டு புதுச்சேரியுடையது. ஆகவே விசாரிக்க வேண்டிய இடம் காரைக்காலில் உள்ள சமூக நலத்துறை.

காத்திருந்தால்

காது சும்மா இருக்கும் காலத்தில், சொற்களைப் பிரித்தறியும் பழக்கம் மூளையில் தேய்கிறது. பத்து ஆண்டு கழித்துக் கருவி போட்டால் சத்தம் கேட்கும், பேச்சு விளங்குவதில் தடுமாற்றம் இருக்கும். முதுமை மறதி நோய்க்கு, நம்மால் தடுக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாகக் காதுக்குறையை லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக்குழு 2024இலும் வைத்திருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய 977 பேரிடம் நடந்து 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்றாண்டு முடிவில் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், கருவி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் நினைவாற்றலில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நினைவாற்றல் குறையும் ஆபத்து அதிகம் இருந்தவர்களுக்கு, கருவியோடு கூடிய சிகிச்சை அந்தச் சரிவை 48 சதவீதம் மட்டுப்படுத்தியது.

ஒன்றுக்கு மட்டும் நாள் பார்க்கவே கூடாது. நேற்றுவரை நன்றாகக் கேட்ட காது இன்று காலை திடீரென்று அடைத்துப்போனால், அது சளியாக இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். நரம்புக் கோளாறென்றால் ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தால் முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவையோ அத்தையையோ தனியாக அனுப்பாதீர்கள். கூடவே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். மருத்துவர் சொல்வது அவர்களுக்கு முழுதாகக் காதில் விழாது, விழாததை அவர்கள் திருப்பிக் கேட்கவும் மாட்டார்கள்.