வன்தட்டின் மீள்வடிவமைப்பு: உழைப்பு, உடைமை, கட்டுப்பாடு பற்றிய சில குறிப்புகள்

கணினிப் பயன்பாட்டிலே மிகச் சாதாரணமாக நிகழும் செயல்களுள் ஒன்று, முதன்மை வன்தட்டினை மீள வடிவமைத்துப் பணிசெயல் முறைமையைப் புதிதாக நிறுவுதலாகும். பேச்சுவழக்கிலே இது 'போமற் பண்ணுதல்' எனப்படும். இயந்திரம் வேகங் குன்றும்போதும், வைரசுகளாற் பாதிக்கப்படும்போதும், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறும்போதும் இது மேற்கொள்ளப்படுகின்றது. இதனை வெறுந் தொழினுட்ப வினையாகவே பலருங் கருதுவர். ஆயின், இவ்வினையின்போது எது அழிகின்றது, எது அழியாது எஞ்சுகின்றது, எது எவருடைய அனுமதியோடு திரும்பி வருகின்றது என்னும் மூன்று வினாக்களை எழுப்புவோமாயின், உழைப்புக்கும் உடைமைக்கும் இடையேயுள்ள உறவொன்று அதனுள் மறைந்திருத்தலைக் காணலாம். அவ்வுறவினை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அழிவதும் எஞ்சுவதும்

வன்தட்டு 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தால் அறிமுகஞ் செய்யப்பட்டது. ஐம்பது வட்டத் தகடுகளைக் கொண்ட அப்பேரியந்திரம் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே சேமிக்க வல்லதாயிருந்தது. இன்று கொள்ளளவு பன்மடங்கு பெருகியுள்ளது. ஆயினும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. தட்டின் பரப்பு சிறுசிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் எண்ணிடப்பட்டுள்ளது. ஒரு கோப்பு பல கூறுகளிலே சிதறிக் கிடக்கலாம். எக்கோப்பு எக்கூறுகளில் உள்ளது என்பதைக் காட்டும் அட்டவணையொன்று தனியே பேணப்படுகின்றது. அவ்வட்டவணையின்றேல் கணினியைப் பொறுத்தவரையிற் கோப்பு என ஒன்றில்லை.

விரைவு வடிவமைப்பு எனப்படுவது இவ்வட்டவணையைப் புதுப்பித்தலேயன்றிப் பிறிதன்று. காணிப் பதிவேட்டைக் கிழித்தெறிந்து வெற்றேடொன்றை அவ்விடத்தில் வைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். பதிவேடு மறைந்ததனாற் காணியும் அதில் விளைந்த பயிரும் மறைந்துவிடுவதில்லை. புதிய தரவுகள் அவ்விடங்களை நிரப்பும் வரையில் பழையவை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். தகுந்த மென்பொருள் கொண்டு அவற்றை மீட்கவும் முடியும். முழுமையான வடிவமைப்பு இதனின்றும் வேறானது. விண்டோஸ் விஸ்ராவிலிருந்து, முழு வடிவமைப்பானது தட்டின் அப்பகுதி முழுவதையும் சுழியங்களால் நிரப்புகின்றது. நினைவுச் சில்லுகளாலான எஸ்.எஸ்.டி. தட்டுகளின் நிலை இன்னுஞ் சிக்கலானது. அவற்றிலே தரவு எங்கு எழுதப்படும் என்பதைத் தட்டின் உள்ளிருக்குங் கட்டுப்படுத்தியே தீர்மானிக்கின்றது. ஆதலால், மேலெழுதுதல் ஒன்றினால் மாத்திரம் பழையன யாவும் நீங்கின எனக் கொள்ள முடியாது. தட்டினுள்ளேயே அமைந்துள்ள அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துதல் வேண்டும்.

இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவக ஆய்வு மாணவர் இருவர், சிம்சன் கார்பிங்கிள், அபி ஷெலாத் ஆகியோர், பழைய வன்தட்டுகள் 158ஐச் சந்தையில் வாங்கிப் பரிசோதித்து, 2003 இல் முடிவுகளை வெளியிட்டனர். இயங்கிய 129 தட்டுகளுள் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மாத்திரமே. ஏனையவற்றுட் பலவற்றில் பழைய உடைமையாளரின் மடல்களும் கடனட்டை இலக்கங்களும் மீட்கத்தக்க நிலையிற் கிடந்தன. 'அழித்துவிட்டோம்' என்னும் நம்பிக்கை எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இது சான்று பகரும்.

2. திரும்பி வருவது யாருடையது?

அழித்த பின்னர் நிறுவுதல் தொடங்குகின்றது. நிறுவற் கோப்புகளைக் கொண்ட பென் ட்ரைவிலிருந்து கணினியைத் தொடக்கி, பழைய பகுதிகளை நீக்கி, புதிய பகுதியை வகுத்து, அதன்மீது முறைமையை எழுதுவர். ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரத்தில் முறைமை முழுமையாகத் திரும்பிவிடும். ஆயின் பயனர் பல்லாண்டு உழைத்து எழுதிய கட்டுரையோ, களஆய்வுக் குறிப்போ, படியெடுத்து வைக்கப்பட்டிருந்தாலன்றித் திரும்பாது. எங்கும் ஆயிரக்கணக்கிற் கிடைக்கும் பண்டம் உடனே மீள்கின்றது. உலகில் ஒரேயொரு படியாக உள்ள உழைப்பின் பயனே இடருக்குள்ளாகின்றது.

திரும்பிவரும் முறைமைதானும் பயனரின் உடைமையன்று. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் உரிம ஒப்பந்தப்படி விண்டோஸ் விற்கப்படுவதில்லை. பயன்படுத்துவதற்கான உரிமம் மாத்திரமே வழங்கப்படுகின்றது. கணினியோடு சேர்ந்து வரும் உரிமம் அவ்வியந்திரத்தோடேயே பிணைக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தை நாம் வாங்கினோம். அதனை இயங்கச் செய்வதையோ நிபந்தனையோடு பெற்றோம்.

இந்நிலை இயற்கையானதன்று, வரலாற்றிலே தோன்றியது. ஆரம்பத்தில் மென்பொருள் பெரும்பாலும் இயந்திரத்துடன் இணைந்தே வழங்கப்பட்டது. 1969 இல் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலையிடத் தீர்மானித்தமை, அது தனிப்பண்டமாக வளர்ந்தமையில் ஒரு திருப்புமுனையாகும். 1976 இல் பில் கேற்ஸ் கணினி ஆர்வலருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம், விலைகொடாது படியெடுத்தலைத் திருட்டென்றே வாதிட்டது. இதற்கு எதிர்நிலையாக 1983 இல் ரிச்சட் ஸ்ரோல்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991 இல் பின்லாந்து மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவற்றின் இணைவாற் பிறந்த முறைமைகளை எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். எனினும் இங்கே கற்பனாவாதத்துக்கு இடமளித்தலாகாது. இன்று லினக்ஸ் கருவின் பெரும்பகுதியை எழுதுவோர் பெருநிறுவனங்களிற் கூலிபெறும் பொறியியலாளரே. பொதுவுடைமையான உழைப்புப் பயனை மூலதனமுந் தன்வயப்படுத்திப் பயன்கொள்கின்றது. முரண்பாடு தீரவில்லை, வேறொரு தளத்திலே தொடர்கின்றது.

3. தேய்மானம்

இயந்திரம் இருவகையில் மதிப்பிழக்கும் என மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்திற் காட்டினார். ஒன்று, உழைத்தலாலும் கிடந்து துருப்பிடித்தலாலும் ஏற்படும் பௌதிகத் தேய்வு. மற்றையது, அதனிலும் மலிவாகவோ திறம்படவோ வேறோர் இயந்திரம் உற்பத்தியாவதனால் நேரும் மதிப்பிழப்பு. கணினி யுகம் இதனோடு மூன்றாவது வகையொன்றையுஞ் சேர்த்துள்ளது. அது அறிவிப்பினால் நிகழும் தேய்மானம்.

2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் முடிவுற்றது. அதன்பின் வரையறுத்த கால நீடிப்புகளே வழங்கப்பட்டன. 2021 இல் வந்த விண்டோஸ் 11, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூற்றினையும் குறித்த சில செயலிகளையும் வேண்டி நிற்கின்றது. இவையில்லாத கணினிகளின் தட்டும் திரையும் விசைப்பலகையும் பழுதற்றிருப்பினும், நிறுவனத்தின் கணக்கில் அவை காலாவதியானவை. பாதுகாப்பினை வலுப்படுத்தும் தேவை மெய்யானதே. ஆயின் அத்தேவைக்கான செலவினை யார் சுமப்பது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பயனரிடம் இல்லை. வரியிறுப்பாளரின் பணத்தில் வாங்கிய கணினிகளை நம்பியிருக்கும் பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் இது சிறு விடயமன்று. இவ்விடத்திலேதான் மீள்வடிவமைப்பு வேறொரு பொருளைப் பெறுகின்றது. அதே தட்டினைத் துடைத்து லினக்ஸ் முறைமையொன்றை நிறுவினால், கழிக்கப்பட்ட இயந்திரம் மேலும் பல்லாண்டு உழைக்கக்கூடும்.

4. தமிழ்ப் பிரதிகளும் மீள்நிறுவலும்

தமிழ் ஆய்வாளருக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். ஒருங்குறி பரவலாகு முன்னர் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பல ஆக்கங்கள் பாமினி எழுத்துருவிலே தட்டச்சாயின. இத்தகைய கோப்பினுள் இருப்பது உண்மையில் உரோம எழுத்துக் குறியீடே. தமிழ் வடிவத்தைத் தருவது எழுத்துரு. எழுத்துருக்களோ முறைமைக்குரிய பகுதியிலே சேமிக்கப்படுகின்றன. எனவே கோப்புகளைப் படியெடுத்துவிட்டு எழுத்துருவை மறந்துவிடின், மீள்நிறுவலின் பின் பிரதி இருக்கும். ஆயின் எவராலும் வாசிக்க முடியாத எழுத்துக் குவியலாய் இருக்கும். ஒருங்குறியோ 1991 இல் வெளியான முதற்பதிப்பிலிருந்தே தமிழுக்குத் தனிக் குறியீடுகளை வழங்கி வருகின்றது. பாமினிப் பிரதிகளை ஒருங்குறிக்கு மாற்றிவைத்தல், குறித்தவோர் எழுத்துருவின் தயவிலிருந்து அவற்றை விடுவிப்பதாகும்.

5. நடைமுறை

மேற்கூறியவற்றிலிருந்து செய்முறையின் ஒழுங்கும் பெறப்படுகின்றது. முதலாவது, கோப்புகளையும் எழுத்துருக்களையும் வேறிரு இடங்களிற் படியெடுத்தல். இரண்டாவது, அப்படிகளைப் பிறிதொரு கணினியிலே திறந்து சரிபார்த்தல். சரிபாராத படி, படியாகாது. மூன்றாவது, உரிம விவரத்தையும், வலையமைப்பு முதலியவற்றை இயக்கும் 'ட்ரைவர்' மென்பொருள்களையுஞ் சேகரித்தல். நான்காவது, நோக்கத்துக்கேற்ப வடிவமைத்தல்: இயந்திரம் நம்மிடமே இருக்குமாயின் விரைவு வடிவமைப்புப் போதும், கைமாறுமாயின் முழு அழிப்பு இன்றியமையாதது. ஐந்தாவது, முறைமையை நிறுவி, பாதுகாப்புத் திருத்தங்களைச் சேர்த்த பின்னரே கோப்புகளை மீட்டல்.

இவ்வறிவு இன்று பெரும்பாலும் திருத்துநரின் மேசையிலேயே தங்கிவிடுகின்றது. எழுதுவோர் தம் எழுத்து எங்கே, எவ்வடிவில், எவருடைய நிபந்தனையின் கீழ்க் கிடக்கின்றது என்பதை அறியாதிருக்கும் வரையில், தமது உழைப்பின் பயன் மீது அவர்களுக்குள்ள உரிமை பெயரளவினதே. அச்சகமும் தாளும் யாருடையவை என வினவிய விமர்சன மரபு, வன்தட்டினையும் அவ்வினாவுக்கு உட்படுத்தல் வேண்டும்.